காத்திருப்பைச் சித்திரக்கதையின் கட்டங்களுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கடலோரக் கோடுகள், குளச்சல்

அனைவருக்கும் வணக்கம். ஓகிப் புயல் வீசிய 2017 நவம்பர் 30ஆம் நாளையும் அதைத் தொடர்ந்த வாரங்களையும் வைத்து, 16 பக்கச் சித்திரக்கதை ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து முடித்திருக்கிறேன். கதையில் பெரிய சம்பவங்கள் கிடையாது. பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போனவனின் படகைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. வாழையும் ரப்பரும் முறிந்து கிடக்கின்றன. மின்சாரம் போய்ப் பல நாளாகிறது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டே வருகிறது. அவன் மனைவி வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறாள். அந்தக் காத்திருப்புதான் கதை.

என் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. படித்துப் பார்க்கக் கொடுத்த நான்கு பேரும் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். படங்கள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். ஆனால் அவளோடு சேர்ந்து தாமும் காத்திருந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. துயரத்தைச் சொல்லும் பக்கம் தானும் சிதறியிருக்க வேண்டும் என்று எண்ணி, ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் கட்டங்களைச் சாய்த்தும், ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றியும், சிலவற்றை உடைந்த கண்ணாடித் துண்டுபோல வெட்டியும் அமைத்திருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் படம் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. அதைச் சுற்றி அணைந்த மெழுகுவர்த்தி, ஜெபமாலை, கைப்பேசியின் திரை, கவிழ்ந்து கிடக்கும் வள்ளம் என்று நான்கு சாய்ந்த கட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக்காக மூன்று இரவுகள் உழைத்தேன். அதைத்தான் எல்லோரும் மிக விரைவாகப் புரட்டினார்கள். ஆளில்லாத கடலை முழுப்பக்கமாக வரைந்த பதினோராம் பக்கத்திலும் யாரும் நிற்கவில்லை.

வாசகரின் கண்ணை நிறுத்திவைப்பது கட்டங்களின் எண்ணிக்கையா, அளவா, நடுவே விடும் வெள்ளை இடைவெளியா? பெரிய படம் வந்தால் நேரம் நீளும் என்று நான் நினைத்தது தவறா? எங்கள் பக்கத்தில் பலர் வாழ்ந்து கடந்த நாட்கள் இவை என்பதால், அழகாக வரைந்துவிட்டோம் என்று விலகிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி: ஓவிய ஆசிரியர், தக்கலை

அன்புச் சகோதரிக்கு வணக்கம். ஐந்தாம் பக்கத்தை நீங்கள் விவரித்த விதத்திலேயே காரணம் தெரிகிறது. அதில் ஐந்து படங்கள் இருந்தாலும் அவை எல்லாம் சேர்ந்து ஒரே நொடியைத்தான் சொல்கின்றன. மெழுகுவர்த்தி எப்போது அணைந்தது, அவள் எப்போது வந்து உட்கார்ந்தாள், கைப்பேசியை எப்போது பார்த்தாள் என்ற முன்பின் அந்தப் பக்கத்தில் இல்லை. முன்பின் இல்லாத பக்கத்தை வாசகர் சுவரொட்டியைப் பார்ப்பதுபோல் மொத்தமாக ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். திரைப்படத்தில் ஒரு காட்சி இத்தனை நொடி ஓட வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்யலாம். தாளில் நமக்கு அந்த உரிமை கிடையாது. கண் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் தாளத்தை அமைத்துக் கொடுப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

அதே பக்கத்தை மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு என ஆறு சம கட்டங்களாக வரைந்து பாருங்கள். இது இத்தாலியின் பொனெல்லி பதிப்பகத்தின் காமிக்ஸ் இதழ்களில் நிலைபெற்ற அமைப்பு. அவற்றின் நாயகன் டெக்ஸ் வில்லரைத் தமிழில் படித்தவர்களின் கண்ணுக்குப் பழகிப்போனது. ஆறு கட்டங்களிலும் பார்வைக் கோணத்தை மாற்றாதீர்கள்: தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் வாசற்படி, கதவு, படியில் மெழுகுவர்த்தி, அவள். முதல் கட்டத்தில் மெழுகுவர்த்தி முழுதாக இருக்கட்டும். இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் அவள் தலை நிமிர்கிறாள். நான்காவதில் மறுபடி குனிந்திருக்கிறாள். ஐந்தாவதில் கதவு திறந்தபடி இருக்கிறது, படியில் அவள் இல்லை. ஆறாவதில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பாதங்களில் ஈர மணல் ஒட்டியிருக்கிறது, மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. ஒரு சொல்கூட வேண்டாம். நான்கு கட்டங்கள் ஒரேமாதிரி வந்ததால் பழகிப்போன கண், ஐந்தாவதில் தானாகவே நிற்கும். கடற்கரைக்குப் போய்வந்ததை நீங்கள் வரையவே இல்லை. வாசகர் அவளோடு அங்கே போய்த் திரும்பியிருப்பார்.

என் மாணவர்களை ஒருமுறை மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடிக்கு அழைத்துச் சென்று, கரையோரமாக நடந்துகொண்டே தூண்களுக்கு நடுவில் தெரிவதை வரையச் சொன்னேன். 115 அடி உயரப் பாலத்தின் தூண்கள் பறளியாற்றைத் துண்டு துண்டாகக் காட்டும். ஒருவர் ஆற்றோரக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஒரு தூண் அவரை மறைத்தது; அதைக் கடந்து பார்த்தபோது ஆள் இல்லை, கல் மட்டும் நனைந்திருந்தது. ஒரு மாணவி அந்த ஈரக் கல்லை மட்டும் அடுத்த கட்டத்தில் வரைந்திருந்தாள். கட்டங்களுக்கு நடுவே நாம் விடும் வெள்ளை இடைவெளி அந்தத் தூணைப் போன்றது. ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் எழுதிய காமிக்ஸ் பற்றிய காமிக்ஸில் இந்த இடைவெளியைத்தான் இக்கலையின் இதயமாக வைக்கிறார்: இரண்டு படங்களுக்கு நடுவே நடந்ததை வாசகரே தம் மனத்தில் நடத்திக்கொள்கிறார்.

பெரிய படத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் முழுத் தவறு அல்ல. சீரான கட்டங்கள் முன்னால் வந்திருந்தால்தான் பெரிய படத்துக்குக் கனம் கிடைக்கும். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986இலும் 1987இலும் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட வாட்ச்மென் சித்திரக்கதையைப் பக்கத்துக்கு ஒன்பது சம கட்டங்கள் என்ற அளவீட்டின்மேல் கட்டியிருந்தார்கள். அந்த அளவீட்டில் பதினோரு இதழ்கள் படித்துப் பழகிய வாசகருக்குக் கடைசி இதழ் ஆறு முழுப்பக்கப் படங்களுடன் திறக்கிறது. நியூயார்க் தெருக்களில் பிணங்கள். அந்த ஆறு பக்கங்கள் நம்மைத் தாக்குவதற்கு அவற்றின் ஓவியம் மட்டும் காரணமல்ல, முன்னால் வந்த ஒழுங்கும் காரணம். உங்கள் கதையில் முதல் பக்கத்திலேயே ஒழுங்கு உடைந்துவிடுவதால், பதினோராம் பக்கத்தில் உடைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

மறுமொழி: பழைய வாசகன், வடசேரி

தங்கச்சி, நான் வரைபவன் அல்லன். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய காலத்துப் புத்தகங்களிலிருந்து படித்துவருபவன் என்ற உரிமையில், வாசிக்கிறவனின் கை எங்கே நிற்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பதினோராம் பக்கத்தில் முழுக்கடலை வைத்திருக்கிறீர்கள். பதினாறு பக்கப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் வலப்புறம் விழும். பத்தாம் பக்கத்தைத் திறந்த உடனேயே பதினொன்றும் கண்ணில் பட்டுவிடுகிறது. பத்தாம் பக்கத்தின் முதல் கட்டத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே வாசகன் கடலைப் பார்த்துவிட்டான். முறையாக அங்கே வந்து சேரும்போது அது பழைய செய்தி ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். பதினோராம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அவள் எதையோ கேட்டுத் திரும்பிப் பார்க்கட்டும். தாளைப் புரட்டினால்தான் கடல் தெரிய வேண்டும். புரட்டும் அந்த ஒரு கணம் வாசகனின் விரலில் இருக்கிறது. இந்தக் கலையில் வாசகனே தன் உடம்பால் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

இதை நன்றாக அறிந்தவர்கள் வாரத் தொடர்களுக்கு வரைந்தவர்கள். இரும்புக்கை மாயாவியின் மூலத்தை ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ பிரிட்டனின் வேலியண்ட் வார இதழுக்காக 1962 முதல் வரைந்தார். ஒவ்வொரு வாரமும் கொடுத்த சில பக்கங்களின் கடைசிக் கட்டத்தில் ஒரு முடிச்சு போட்டாக வேண்டும். நாம் அதை ஒரே புத்தகமாகப் படித்ததால், சில பக்கங்களுக்கு ஒருமுறை மூச்சு நின்று நின்று ஓடுவதை உணர்ந்தோம். காரணம் தெரியாமலேயே உணர்ந்தோம். தினத்தந்தியின் கன்னித்தீவு இன்னொரு வகை. நாளுக்கு இரண்டு மூன்று கட்டங்கள்தான். அங்கே காத்திருப்பைத் தாளில் வரைய வேண்டிய அவசியமே இல்லை, மறுநாள் காலை பத்திரிகை வரும்வரை வாசகர் வீட்டில் இருந்து காத்திருக்கிறார். உங்களிடம் அந்த வசதி இல்லை. பதினாறு பக்கமும் ஒரே உட்காரலில் படித்துவிடுவார்கள். ஆகவே உங்கள் காத்திருப்பு முழுவதும் தாளுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கடலோரக் கோடுகள், குளச்சல்

இருவருக்கும் மிக்க நன்றி. வலப்பக்கம் இடப்பக்கம் என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆறு கட்டப் பக்கத்தைப் பென்சிலில் போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது கட்டம் உண்மையிலேயே நிறுத்துகிறது.

ஆனால் இரண்டு தயக்கங்கள். பதினாறு பக்கமும் சம கட்டங்களாகப் போனால் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஒழுங்கு வந்துவிடாதா? புயல் வீசிய இரவும், பத்தாம் நாள் பகலும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்குவது எனக்கு உறுத்துகிறது. அடுத்ததாக, ஆசிரியர் சொன்னபடி ஒழுங்கை உடைத்துப் பெரிய படம் வைப்பது, ஏதாவது சேதி வரும் இடத்துக்குத்தானே பொருந்தும்? என் கதையில் சேதியே வருவதில்லை.

மறுமொழி: கரைக்காரன், தூத்தூர்

சகோதரிக்கு. உங்கள் இரண்டாவது தயக்கத்தைப் படித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன். அந்த நாட்களில் எனக்குப் பதினான்கு வயது. என் சித்தப்பா திரும்பி வரவில்லை. கணினியில் படம் வரைவதுதான் இப்போது என் தொழில். இதைப் பற்றி நானும் ஒருநாள் வரைய வேண்டும் என்று இருந்தேன்.

சேதி வராத கதையில், சேதி வந்ததுபோல் ஒழுங்கை உடைக்காதீர்கள். எங்கள் கரையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு பெரிய கணம் வந்து அழுது தீர்க்கக்கூட வாய்க்கவில்லை. லட்சத்தீவில் ஒரு படகு ஒதுங்கியது என்பார்கள், மகாராஷ்டிரக் கரையில் சிலர் ஏறினார்கள் என்பார்கள், குஜராத்தில் என்பார்கள். ஒவ்வொரு முறையும் பெயர்களை எழுதிய தாள் வரும், எல்லோரும் கூடுவார்கள், நம் வீட்டுப் பெயர் இருக்காது, கலைவார்கள். கூடுவதும் கலைவதும் அதே அளவில் திரும்பத் திரும்ப வந்தன. சம கட்டங்கள் இதற்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நோட்டுப் புத்தக ஒழுங்கு என்று நீங்கள் அஞ்சுவதுதான் அந்த நாட்களில் எங்களை நெரித்தது.

கடலுக்கு மட்டும் வேறு ஒரு வழி உண்டு. ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கட்டங்களிலும் அடிவானக் கோட்டைத் துல்லியமாக ஒரே உயரத்தில் வையுங்கள்; ஒரு கட்டத்தில் முடியும் அலை அடுத்த கட்டத்தில் அதே இடத்திலிருந்து தொடரட்டும். கடல் ஒன்றாகவும் அவள் பலவாகவும் தெரிவாள்: முதல் கட்டத்தில் இடது ஓரத்தில் நிற்பாள், அடுத்ததில் வலைக் குவியலருகே, அதற்கடுத்ததில் முழங்கால் தண்ணீரில். அமெரிக்காவில் ஃபிராங்க் கிங் 1930களில் தம் கேசலின் ஆலி தொடரின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் சிலவற்றில், முழுப் பக்கத்தையும் ஒரே காட்சியாக வரைந்து அதைச் சம கட்டங்களாகப் பிரித்திருந்தார். இடம் அசையாமல் இருக்கும், ஆட்கள் மட்டும் நேரத்தில் நகர்வார்கள். நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு ஒரு மணி நேரமும் பத்து நாளும் ஒன்றுதான். நேரம் கரையில் நிற்கிறவளுக்கு மட்டும்தான் போகிறது.

பன்னிரண்டாம் பக்கத்து முழுக்கடல் இருக்கட்டும். ஆனால் அதில் அலையைக் கொந்தளிக்க வைக்காதீர்கள். ஓகிக்குப் பிறகு ஒரு நாள் கடல் சலனமில்லாமல் கிடந்ததை நான் பார்த்தேன். அன்றுதான் எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.

மறுமொழி: ஓவிய ஆசிரியர், தக்கலை

தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒழுங்கை உடைக்கும் பெரிய படத்தைப் பற்றி நான் சொன்னபோது, இது சேதி வராத கதை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

புயல் இரவு பற்றிய தயக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். சம கட்டங்களை விட்டு விலகாமலேயே அவற்றை மேலும் பிளக்கலாம். பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் 1955இல் வரைந்த மாஸ்டர் ரேஸ் எட்டே பக்கக் கதை. அதன் இறுதியில் ஒருவன் சுரங்க ரயில் நிலையத்தின் நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுகிறான். வேறொருவர் அதை ஒரே கட்டத்தில் முடித்திருப்பார்; கிரிக்ஸ்டைன் அந்த ஓரிரு நொடிகளை மெல்லிய செங்குத்துத் துண்டுகளாகச் சீவி அடுக்குகிறார். கட்டம் குறுகினால் வேகம் கூடும் என்று பொதுவாகச் சொல்வோம். துண்டுக்குத் துண்டு இடமும் கோணமும் மாறினால் அது உண்மை. ஒரே அசைவைப் பல குறுகிய துண்டுகளாக வெட்டினாலோ, நொடி நீண்டு தாங்க முடியாததாகிவிடுகிறது. உங்கள் புயல் இரவில் ஆறு கட்டங்களில் ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு வாழை மரம் சாய்வதை மட்டும் அவற்றில் எட்டில் வரையுங்கள். அடுத்த பக்கத்தில் மறுபடி ஆறு கட்டங்களுக்கு வந்தால், காற்று ஓய்ந்ததை எழுதிச் சொல்ல வேண்டியிருக்காது.

இன்னொன்று, தமிழில் வரைபவர்கள் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுவது: எழுத்து. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் பேச்சை எழுதும் ஒரு சிறிய பலூனில் அடங்குவது தமிழில் மூன்று வரியாகும். அதைத் திணித்தால் எழுத்து சிறுத்துக் கண் தடுமாறும், நீங்கள் அமைத்த தாளம் அங்கேயே அறுந்துவிடும். படத்துக்கு முன்பே பலூனின் இடத்தைப் பென்சிலில் குறித்துவிடுங்கள். உங்கள் கதையில் பேச்சு குறைவு என்பதால், பேசாத பக்கங்களுக்குப் பிறகு வரும் ஒரே ஒரு சொல் மிகப் பெரிய ஓசையாகக் கேட்கும். அதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று நன்றாக யோசியுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது நான்கு ஓரத்திலும் போதிய இடம் விடுவதும் அவசியம். எங்கள் மாணவர்களின் தொகுப்பு ஒன்றை ஓர் அச்சகத்தில் கொடுத்தபோது, வெட்டும் இயந்திரம் வலது ஓரத்துக் கட்டங்களின் கோடுகளைத் தின்றுவிட்டது. ஓரத்தில் நின்ற பாத்திரங்கள் எல்லாம் பக்கத்தை விட்டு வெளியே போவதுபோல் ஆகிவிட்டார்கள். குழந்தைகள் அழுதார்கள்.

மறுமொழி: பழைய வாசகன், வடசேரி

ஆசிரியர் எழுத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பெரிய தாளில் வெளிவந்த அயல்நாட்டுப் பக்கங்களைச் சிறிய அளவில் அச்சிடும்போது இரண்டு பாதிப்புகள் நேரும். எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அல்லது கட்டங்களை வெட்டி வேறு வரிசையில் அடுக்க நேரும், அப்போது ஓவியர் பக்க முடிவில் வைத்த முடிச்சு பக்கத்தின் நடுவில் போய் விழுந்துவிடும். தங்கச்சி, எந்த அளவில் அச்சிடப் போகிறீர்களோ அதே அளவுத் தாளில் ஒரு நகல் மடித்துத் தைத்து, கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பென்சில் கோடுகளின்மேல் மையிடுங்கள். கைப்பேசியில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும்படி வெளியிடும் எண்ணம் இருந்தால், அதற்கு வேறு அமைப்பு வேண்டும். அங்கே புரட்டுவதற்குப் பக்கம் இல்லை, படங்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தின் நீளம்தான் நேரம். இரண்டையும் ஒரே வரைவில் முடிக்க நினைத்தால் இரண்டும் கெடும்.

கேள்வி கேட்டவர்: கடலோரக் கோடுகள், குளச்சல்

மூவருக்கும் என் நன்றி. தூத்தூர்ச் சகோதரருக்குத் தனியாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் சித்தப்பாவுக்காக ஜெபிக்கிறேன்.

கடந்த பத்து நாட்களில் பழைய பக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பதினாறையும் புதிதாகச் சிறு வரைவுகளாகப் போட்டேன். வாழை சாயும் பக்கத்தையும் முழுக்கடல் பக்கத்தையும் தவிர மற்ற எல்லாம் ஆறு கட்ட அமைப்பில் வந்திருக்கின்றன. கடற்கரைப் பக்கங்களில் அளவுகோல் வைத்து அடிவானத்தை ஒரே உயரத்தில் இழுத்திருக்கிறேன். முழுக்கடல் பன்னிரண்டாம் பக்கத்தில், அலையில்லாமல் இருக்கிறது. கதை முழுவதிலும் அவள் ஒரே ஒரு முறை பேசுகிறாள். பதினான்காம் பக்கத்தின் நான்காம் கட்டத்தில், பெயர்த் தாளோடு வந்தவரிடம், "இன்னொரு தடவை வாசிங்க" என்கிறாள். அந்தப் பலூனுக்கு முன்னும் பின்னும் உள்ள கட்டங்களில் அவர் தாளை மடிக்கும் கைகள் மட்டும்தான்.

சொன்னபடி நகல் எடுத்து மடித்துத் தைத்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்தேன். அவர் காமிக்ஸ் படித்தவர் அல்லர். அந்த நாட்களில் எங்கள் கடற்கரையில் நின்றவர். ஐந்தாம் பக்கத்தில் அவருடைய விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து, ஆளில்லாத வாசற்படிக்கு வந்ததும் நின்றது. "எங்க போயிருக்கா இவ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆறாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு, அவள் பாதத்தில் ஒட்டிய மணலை விரலால் தொட்டார்.

பதினாறாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்குள் என்ன வரைவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. மற்றவற்றுக்கு நாளையிலிருந்து மையிடத் தொடங்குகிறேன்.